பந்தயக்கார அக்கா

பல்லடத்தில் படகு வேலை செய்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடிதண்ணீருக்கே குழாயைப் பார்த்துக் காத்திருக்கிற ஊரில் படகுக்கு என்ன வேலை என்று சிரிப்பார்கள். ஆனால் நிஜம். ஊருக்கு வெளியே, தறி ஓட்டம் நின்றுபோன ஒரு குடோனில், கோயமுத்தூர்க் குளங்களிலும் மலைமேல் இருக்கிற ஊர்களின் ஏரிகளிலும் காலால் மிதித்து ஓட்டுகிற ஃபைபர் படகுகள் மினி லாரியில் வந்து இறங்கும். பழைய பெயிண்டைச் சுரண்டி, கழுவி, தேய்த்து, புதுப் பெயிண்ட் பிடிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்து, அடித்து அனுப்புவோம். நாங்கள் ஆறு பெண்கள். எங்களைச் சேர்த்து அந்த வேலையை எடுத்துச் செய்தவர் ஓர் அக்கா. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. லாரி டிரைவருக்கும் அவர் அக்காதான், பெயிண்ட் கடைக்காரருக்கும் அக்காதான்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது ஒரே சொல். "பந்தயமா?"

எதற்கெடுத்தாலும் பந்தயம். காந்திபுரம் போகிற பஸ்ஸில் சூலூருக்குள் உட்கார இடம் கிடைக்குமா கிடைக்காதா, பந்தயம். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் இனிப்புக்கு ஒப்புட்டு வைப்பார்களா, கேசரியோடு முடித்துவிடுவார்களா, அதற்கும் பந்தயம். காசு மட்டும் வைக்க மாட்டார். "காசு வெச்சா அது சூது. திங்கறது வெச்சா அது சந்தோசம்" என்பார். தேங்காய் பன், இளநீர், காலிஃபிளவர் சில்லி என்றுதான் கட்டுவார். யார் தோற்று வாங்கி வந்தாலும் எல்லாரும் பங்கு போட்டுத்தான் தின்போம். அதனால் அங்கே தோற்றவர்கள் யாரும் வாடிப்போனதில்லை.

நான் நூல் மில் வேலையை விட்டுவிட்டு அங்கே போன முதல் நாளே என்னிடமும் கட்டினார். கழுவிக் காயவைத்த ஒரு படகு, மரச் சட்டத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தது. பளிச்சென்று இருந்தது.

"கண்ணு, இந்தப் படகு சுத்தமா இருக்குதா?"

"இருக்குதுங்க்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. பந்தயமா? தேங்கா பன்."

நான் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு தூசி இல்லை. "பந்தயந்தானுங்க" என்றேன்.

அக்கா ஒரு மக்குத் தண்ணீரை எடுத்துப் படகின் முதுகில் வீசினார். தண்ணீர் பரவவில்லை. சேம்பிலையில் விழுந்ததுபோல முத்து முத்தாய் உருண்டு வழிந்தது.

"பாத்தியா? மெழுகு. அச்சுல ஒட்டாம வர்றதுக்குத் தடவுனது, போன வருசம் பாலீஷ் போட்டது, எவனோ முறுக்குத் தின்ன கையில தொட்டது, எல்லாம் ஒட்டுக்கா மேல உக்காந்திருக்குது. இதுமேல உப்புத்தாளைப் போட்டுத் தேச்சா, மெழுகு கீறலுக்குள்ள போயிப் பூந்துக்கும். பொறவு பெயிண்டு எப்பிடி நிக்கும்?"

வெள்ளைப் பனியன் துணியில் தின்னரை நனைத்து ஒரு பக்கமாகவே இழுத்துத் துடைத்தார். ஒரு இழுப்புக்கு ஒரு துணி. அழுக்குத் துணியால் இன்னொரு முறை தொட்டால் எடுத்த மெழுகைத் திரும்பப் பூசுவதுதான் என்றார். முழுதும் துடைத்துவிட்டு மறுபடி தண்ணீரை வீசியபோது, அது வேட்டி விரித்தாற்போல் படகு முழுக்கப் பரந்து நின்றது. அன்று சாயங்காலம் நான் வாங்கிய தேங்காய் பன்னில் பெரிய துண்டை எனக்கே கொடுத்தார்.

துடைக்கிறதற்குப் பனியன் வேஸ்ட் துணி விற்கிற திருப்பூர்க்காரரும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். "வேஸ்ட்டு எல்லாம் ஒண்ணுதானுங்க அக்கா" என்று ஒரு மூட்டை இறக்கினார். தொட்டால் பூப்போல இருந்தது. அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டினார். ஒரே ஃபைபர்த் துண்டில் பாதியைப் பழைய துணியாலும், பாதியைப் புதுத் துணியாலும் துடைத்து மேலே பெயிண்ட் அடித்தார். புதுத் துணி பட்ட பக்கம் மட்டும் பெயிண்ட் விலகி விலகிக் குழி விழுந்தது. பனியன் மெத்தென்று இருக்கப் போடுகிற மருந்து அந்தத் துணியில் இருந்ததாம். துணிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அடுத்த முறை மருந்து படாத துணியைத் தனியாகக் கட்டி எடுத்து வந்தார், கூடவே பந்தயத்தில் தோற்ற இளநீரும்.

இதெல்லாம் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேய்க்கிற மெஷின் விஷயத்தில்தான் கொஞ்சம் புரிந்தது. எனக்கு அந்த மெஷின் என்றால் பயம். கையில் பிடித்தால் தோள்வரை அதிரும். கொஞ்சம் சாய்ந்தாலும் படகில் பள்ளம் விழுந்துவிடும். நான் கையால் தேய்க்கிற வேலையோடு ஒதுங்கிக்கொள்வேன். ஒருநாள் அக்கா எல்லார் முன்னாலும் சொன்னார்.

"இவ சென்மத்துக்கும் மெஷினைத் தொட மாட்டா. பந்தயமா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. "நான் ஓட்டுவேனுங்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காகவே ஓட்டினேன். முதலில் உடைந்த கதவுப் பலகையில், பிறகு ஒரு படகின் அடியில். பள்ளம் விழுந்தது; பட்டி வைத்து நிரப்பினேன்; திரும்ப ஓட்டினேன். ஒருநாள் அக்கா கண்ணை மூடி, நான் தேய்த்த இடத்தில் உள்ளங்கையை நீளமாக ஓட்டினார். எங்கும் நிற்காமல் கை போனது.

"தோத்துப்போட்டேன்!" என்று குடோனே அதிரக் கத்தினார். தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று எல்லாருக்கும் காலிஃபிளவர் சில்லி. அதன்பிறகு கவனித்தேன். அவர் ஜெயிக்க ஆசைப்பட்டுக் கட்டுகிற பந்தயம் ஒரு வகை. தோற்க ஆசைப்பட்டுக் கட்டுகிறது இன்னொரு வகை.

பெரிய பந்தயம் வெள்ளகோவில் மேஸ்திரியோடு வந்தது.

எங்களுக்கு வேலையில் பாதி, கோயமுத்தூரில் ஒரு குளத்துப் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடமிருந்துதான் வரும். தை மாதம் அவரே குடோனுக்கு வந்தார். கூட ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். அவரைவிட அவர் மீசைதான் முதலில் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி முறுக்கி நின்றது. பஸ், லாரி பாடிகளுக்கு பெயிண்ட் அடிப்பதில் பேர்போன வெள்ளகோவில் மேஸ்திரி என்று குத்தகைக்காரர் அறிமுகம் செய்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஒரு படகு குடுக்கறதுக்குள்ள மேஸ்திரி நாலு குடுக்கறேங்கறாரு. லீவு சீசன் வருது. படகு தண்ணியில கெடந்தாத்தானுங்க எனக்குப் பொழப்பு. இனிமே அவருகிட்டயே குடுத்தரலாம்னு..."

குடோனில் உப்புத்தாள் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் படகுகள் போனால் ஆறு பேரும் திரும்ப மில் ஷிஃப்ட்டுக்குத்தான் போகவேண்டும். எங்களில் இரண்டு பேர் மில் பஞ்சுத் தூசி ஆகாமல்தான் இங்கே வந்திருந்தார்கள்.

அக்கா மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார். "படகைத் தண்ணியில இருந்து ஏத்தி எத்தனை நாள் காய வெப்பீங்க?"

"எதுக்குங்க காய வெக்கோணும்? தொடச்சா காஞ்சு போகுது. ஃபைபர் என்ன மரமா, தண்ணி குடிக்க?"

"குடிக்குமுங்க."

"அம்மணி, நான் இந்தத் தொழில்ல பொறந்து வளந்தவன். என்ற பெயிண்டு மழையில வெயில்ல கன்னியாகுமரி வரைக்கும் ஓடுது."

"ரோட்டுல ஓடுதுங்க மேஸ்திரி. இது ராப்பகலா தண்ணியிலயே ஊறறது. பந்தயமா?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க பந்தயம்?"

"ஒரே படகு. இடது பாதி உங்குளுது, வலது பாதி என்னுது. பெயிண்டு முதலாளியே வாங்கித் தரட்டும், ரெண்டு பேருக்கும் ஒரே டப்பா. தண்ணியில எறக்கி உடுவோம். சீசன் முடிஞ்சு ஆடியில ஏத்திப் பாக்கலாம். யாரு பக்கம் நிக்குதோ அவுங்களுக்கே அத்தனை படகும்."

"அவ்வளவுதானுங்களா?"

"தோத்தா பழனிக்குப் போயி உங்க மீசையைக் குடுத்தரோணும். நான் தோத்தா..." என்று கொண்டையை அவிழ்த்தார். முடி இடுப்புக்குக் கீழே சரிந்தது. "இதைக் குடுத்தர்றேன்."

தின்கிற பண்டம் தவிர அக்கா வேறெதுவும் வைத்து நாங்கள் பார்த்ததில்லை. அந்த முடியில் பூ வைப்பதற்காகவே அவர் வெள்ளிக்கிழமை அரைமணி முன்னால் எழுவார். மேஸ்திரி மீசையை ஒருமுறை தடவிவிட்டு, "சரீங்க" என்றார். குத்தகைக்காரருக்கும் குஷி. ஆடிவரைக்கும் மற்ற படகுகள் பழைய பெயிண்டோடு இருக்கிறபடியே ஓடட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

குளத்திலிருந்து அப்போதுதான் ஏற்றின படகு ஒன்று வந்தது. நடுவில் நீளமாக டேப் ஒட்டிப் பிரித்தோம். மேஸ்திரி கம்ப்ரஸரோடு வந்து, துடைத்து, லேசாகத் தேய்த்து, மஞ்சள் பெயிண்டை ஸ்பிரே செய்து, மறுநாளே போய்விட்டார். சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்து பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தைக் கழுவி அப்படியே போட்டுவிட்டார் அக்கா. தினம் மாலையில் ஒரு பாலிதீன் துண்டை நாலு ஓரமும் டேப் போட்டுப் படகில் ஒட்டுவார். காலையில் உரிப்பார். உள்பக்கம் வேர்த்திருக்கும். "இன்னும் தண்ணி உள்ள இருக்குது" என்பார். நாள் போய்க்கொண்டே இருந்தது. குத்தகைக்காரர் போன்மேல் போன் போட்டார். ஒரு காலையில் உரித்த பாலிதீன் காய்ந்த அப்பளம்போல் மொரமொரவென்று வந்தது. அன்றைக்குத்தான் வேலையைத் தொட்டோம். மெழுகு எடுத்து, முரட்டுத்தாளில் தொடங்கி நைசுத்தாள்வரை தேய்த்து, குழிகளுக்குப் பட்டி வைத்து, திரும்பத் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் இரண்டு கை. அக்கா தலையில் துணி கட்டச் சொன்னார், தலை எண்ணெய் கையில் ஒட்டிப் படகில் படாமலிருக்க. மெஷினை என் கையில் கொடுத்தார். கடைசியில் மஞ்சள் பெயிண்ட் அடித்தபோது, மேஸ்திரி பக்கத்து மினுமினுப்பு எங்கள் பக்கத்தில் இல்லை. பிரஷ் வேலைதானே.

படகு தண்ணீரில் இறங்கியது. நாங்கள் ஃபைபர் கதவு தேய்த்துக் காலம் ஓட்டினோம்.

சித்திரையில் என் தங்கச்சி ஊரிலிருந்து வந்திருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் குளத்துக்குப் போய், அதே மஞ்சள் படகைக் கேட்டு வாங்கி ஏறினேன். நடுக்குளத்தில் குனிந்து பார்த்தேன். மேஸ்திரி பக்கம் இன்னும் மின்னியது. எங்கள் பக்கம் பச்சைப் பாசி. போதாக்குறைக்குப் படகுத்துறைச் சிமெண்டுச் சுவரில் அணைகிறது எப்போதும் வலது பக்கம்தான். நீளமாகக் கீறல் விழுந்திருந்தது. எனக்குச் சுற்றிப் பார்க்கிற ஆசையே போய்விட்டது.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "நம்ம பக்கமே செவுத்துல ஒரசுதுங்க்கா. இது நியாயமில்லீங்க. முதலாளிகிட்டச் சொல்லித் திருப்பிக் கட்டச் சொல்லலாம்."

"வேண்டாம் கண்ணு. பந்தயம் கட்டுனப்ப செவுரு அங்கதான இருந்துச்சு? நாந்தான் பாக்கோணும். பாசி கழுவுனாப் போயிரும். கொப்பளம் வந்தாத்தான் போகாது."

வாய் அப்படிச் சொல்லிற்று. ஆனால் அன்று மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, தின்னாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரவில்லை. பழனிக்குப் போனதாக மறுநாள் சொன்னார். எங்களுக்கு வேண்டிக்கொள்ளப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆடி வந்தது. நாங்கள் ஆறு பேரும் அக்காவோடு குளத்துக்குப் போனோம். மேஸ்திரி தன் வீட்டம்மாவோடு வந்திருந்தார். மீசை எண்ணெய் போட்டு முறுக்கேறி இருந்தது. படகுத்துறை ஆட்கள் கயிற்றில் இழுத்து ஏற்றிக் கவிழ்த்தார்கள். இரண்டு பக்கமும் அடியெல்லாம் பாசி. எதுவும் தெரியவில்லை.

குத்தகைக்காரர் ஹோஸ் பைப்பைத் திறந்தார். முதலில் எங்கள் பக்கம். பாசி வழுக்கிக்கொண்டு போக, மஞ்சள் மெல்ல வெளியே வந்தது. சுவரில் உரசின இடத்தில் மட்டும் நீளமாகப் பிரைமர் தெரிந்தது. அக்கா அந்தக் கீறலின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினார். வரவில்லை. படகுத்துறை ஆள் ஒருவன் சாவியால் நெம்பினான். பெயிண்ட் அசையவில்லை.

பிறகு இடது பக்கம். தண்ணீர் பட்டதும் பாசி கழன்று போனது. தண்ணீரில் முழுகியிருந்த பாகமெல்லாம் அம்மை போட்டதுபோல் கொப்புளம். மேஸ்திரி கிட்டே போனார். ஒரு கொப்புளத்தை அழுத்தினார். உடைந்து தண்ணீர் வந்தது. அந்த ஓட்டையில் விரலை விட்டு இழுத்தார். பெயிண்ட் வாழைப்பட்டைபோல் நீளமாக உரிந்து அவர் கையோடு வந்தது.

கையிலிருந்த அந்த மஞ்சள் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குக் கத்தத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டோம்.

மேஸ்திரிதான் முதலில் பேசினார். "தண்ணி குடிக்குதுங்க அம்மணி. ஃபைபர் தண்ணி குடிக்குது."

பிறகு குத்தகைக்காரரைப் பார்த்து, "அத்தனை படகும் அம்மணிக்கே குடுத்துருங்க. அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

அதற்குமேல் எங்களால் முடியவில்லை. ஆறு பேரும் அக்காவைக் கட்டிக்கொண்டு கத்தினோம். குளக்கரையில் நடை போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மீசையை அங்கேயே எடுத்துவிட மேஸ்திரி பிளேடு கேட்டார். அக்கா விடவில்லை. "முருகனுக்குன்னு சொன்னது. அவனுக்கே போகட்டும். ஞாயித்துக்கெழமை அல்லாரும் ஒட்டுக்காப் போலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பழனிக்குப் போனோம். மேஸ்திரியும் வீட்டம்மாவும் வெள்ளகோவிலிலிருந்து வந்து அடிவாரத்தில் காத்திருந்தார்கள். முடி எடுக்கிற மண்டபத்தில் அக்கா என்னிடம் சொன்னார். "கண்ணு, போயி ரெண்டு சீட்டு வாங்கியா."

"ரெண்டு எதுக்குங்க்கா? மேஸ்திரிக்கு ஒண்ணு போதுமுங்களே."

"வாங்கியா, சொல்றேன்."

வாங்கி வந்தேன். மேஸ்திரி ஒரு மணையில் உட்கார்ந்தார். பக்கத்து மணையில் அக்கா போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏனுங்க அம்மணி, ஜெயிச்சது நீங்கதானுங்களே?" என்றார் மேஸ்திரி.

"உங்ககிட்ட ஜெயிச்சேனுங்க. இவுருகிட்டத் தோத்துப்போட்டேன்" என்று மலையைக் காட்டினார். "சித்திரையில வந்து பந்தயம் கட்டுனேன். முருகா, இந்தப் பந்தயத்துல என்னை ஜெயிக்க வெக்க உன்னால முடியாது, முடிஞ்சா என்ற முடியை எடுத்துக்கன்னேன். மனுசன் முடிச்சுக் காட்டிப்போட்டாரு."

எனக்குத் தாங்கவில்லை. "அப்ப தோத்திருந்தாலும் மொட்டை, ஜெயிச்சாலும் மொட்டைதானுங்களா? பொறவென்னத்துக்குங்க்கா பந்தயம்?"

"அட இவளே! தோத்துப்போட்டு மொட்டை போட்டா அல்லாரும் பாவம்னுவாங்க. இப்பப் பாரு, வேன் புடிச்சு வந்திருக்கறீங்க!"

நாவிதர் தண்ணீர் தெளித்து, "தலையைக் குனிங்கம்மா" என்றார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குனிந்தார். முடி மடியில் விழ விழச் சிரித்துக்கொண்டே இருந்தார். எங்களில் இரண்டு பேர்தான் அழுதோம்.

மேஸ்திரி எழுந்து திரும்பினார். மீசை இருந்த இடம் வெளுத்து, முகமே சின்னதாகியிருந்தது. அவர் வீட்டம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆனதுலருந்து இந்த மொகத்தை இப்பத்தானுங்க முழுசாப் பாக்கறேன். பரவால்ல, நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்த மண்டபத்தில் முடியெடுக்க உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அக்கா வெளியே வந்தார். மேஸ்திரி முழங்கால் வலி என்று, மலைமேல் இழுத்துப் போகிற விஞ்ச் ரயிலின் வரிசையைப் பார்த்து நடந்தார்.

"மேஸ்திரி, நில்லுங்க" என்று அக்கா கூப்பிட்டார். "நீங்க விஞ்சுல வாங்க. நான் படியில ஏறறேன். யாரு முன்னால போறதுன்னு பாத்தரலாம். தோத்தவுங்க பஞ்சாமிர்தம் வாங்கோணும். பந்தயமா?"

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். "பந்தயந்தானுங்க அம்மணி!" என்று சொல்லிவிட்டு வரிசைக்கு ஓடினார்.

அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு படியேறினார். நாங்கள் அரோகரா போட்டுக்கொண்டு பின்னால் ஓடினோம். வெயிலில் சந்தனத் தலை எங்களுக்கு முன்னால் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. அவர் ஒரு மண்டபத்திலும் உட்காரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மேஸ்திரியின் வீட்டம்மா, செருப்பில்லாத காலோடு, எங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

மேலே விஞ்ச் வந்து நின்று, கூட்டத்தோடு மேஸ்திரி இறங்கியபோது, இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

"ரெண்டு டப்பாவா வாங்குங்க மேஸ்திரி," என்றார் அக்கா. "உங்க ஊட்டம்மா என்ற கட்சிக்கு வந்துட்டாங்க."